யாரும் சொந்தம் கொண்டாடாத மரம்

ரேணிகுண்டா ஜங்ஷனில் விசாரணைக் கவுண்டருக்குள் பதினேழு வருஷம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கிருபாவதிக்கு உட்காருவதற்கு முன்பே வரும். பிறக்கும்போதே மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு பிறந்தவள் என்று அவள் புருஷன் இன்பசேகரன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போய் ஆறு வருஷமாகிறது. கோபம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

நாளைக்கு நானூறு பேர் கேட்பார்கள். திருமலைக்கு பஸ் எங்கே நிற்கும், வெங்கடாத்ரி எத்தனையாவது பிளாட்பாரம், மொட்டை இங்கேயே போடலாமா மேலே போய்ப் போடணுமா, என் மச்சினன் இறங்கிப் போனானா பார்த்தீர்களா. தெலுங்கில் கேட்டால் "பயட லெஃப்ட்லோ பஸ் உந்தண்டி", வெளியே இடது பக்கம் பஸ் இருக்கிறது என்பாள். தமிழில் கேட்டால் தமிழ். இந்தியில் கேட்டால் கையைக் காட்டுவாள். நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஏழுமலையானுக்கு வழி சொல்லியே சம்பளம் வாங்குகிறாளே என்று சபையில் கேலி செய்வார்கள். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. மனுஷனுக்குக் கேட்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லையே என்பதுதான் அவள் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. வேலை கொடும் ஆண்டவரே, விசா கொடும் ஆண்டவரே, சர்க்கரையைக் குறையும் ஆண்டவரே. அவருக்கும் ஒரு கவுண்டரைக் கட்டி உட்கார வைத்துவிட்டார்களே என்று அவளுக்குத் தோன்றும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரே மகள் பிளெஸ்ஸி வேல்ஸ் நாட்டில் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். ஒருநாள் மத்தியானம் போன் செய்து சிரிப்பாய்ச் சிரித்தாள்.

"மம்மி, இங்க மிஸ் ஓவன்னு ஒரு அம்மா கீது. இடுப்பு எலும்பு உடைஞ்சி வந்துகீது. வருஷத்துல எட்டு வாட்டி ஒரு ஓக் மரத்தாண்ட கூட்டிக்கினு போன்னு ஒரே அடம். ட்ரூயிட்டாம். அந்தக் காலத்துல இந்த நாட்டுல மரத்தையும் ஆத்தையும் சாமியா நெனச்சாங்களே, அந்த வழியாம். வீல்சேர தள்ளிக்கினு போயி மரத்துக்கு முன்னால விட்டா, அப்பிடியே அரை மணி சும்மா குந்திக்கினு கீது."

பிளெஸ்ஸி சிரிப்பதற்குத்தான் சொன்னாள். கிருபாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்டால், அதற்கு அவள் பூட்டன் ஞானமுத்துவின் கதையைச் சொல்ல வேண்டும். சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சேரி. அங்கே மஞ்சள் துணி கட்டிய ஒரு வேம்பு. கடல் தாண்டி வந்த துரை ஒருவர், ஞானஸ்நான முழுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஞானமுத்துவின் கையில் கோடாலியைக் கொடுத்து, விசுவாசம் உண்மையென்றால் அந்த மரத்தை வெட்டு என்றார். ஊரே நடுங்கிக்கொண்டு நின்றது. ஞானமுத்து வெட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு முப்பது குடும்பம் முழுக்கு வாங்கியது. வருஷா வருஷம் சபை ஆண்டுவிழாவில் இந்தக் கதையைச் சொல்லி, அந்தக் குடும்பத்துப் பெண் இதோ இருக்கிறாள் என்று கிருபாவதியை எழுந்து நிற்கச் சொல்வார்கள். அவளும் நிற்பாள், பெருமையாகத்தான்.

இப்போது அந்தத் துரையின் தேசத்துப் பெண் ஒருத்தி மரத்தின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"எங்காளுங்க கும்புட்டுக்கினு இருந்த மரத்த எங்காளுங்க கையாலயே வெட்ட வச்சிட்டு, இப்ப இவங்க மட்டும் போயி மரத்தடியில குந்துவாங்களா? நல்லா கீதே நியாயம்" என்று போனிலேயே கத்தினாள். அதோடு விட்டாளா? அன்று சாயங்காலமே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, போட்டோ எடுத்து, மகளுக்கு அனுப்பி, அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டியே ஆக வேண்டும் என்று கட்டளை போட்டாள். உங்கள் தேசத்தார் எங்கள் மரத்தை வெட்டச் சொன்னார்கள், நீங்கள் இன்று மரத்தடிக்குப் போகிறீர்கள், எங்கள் மரத்துக்கு என்ன பதில் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நடுங்கும் கையெழுத்து.

"நீங்கள் கோபப்படுவது சரி. என்னிடம் பதில் இல்லை. உங்கள் மரத்தை எங்கள் ஆட்கள் வெட்டினார்கள். அதற்கு ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோப்பை ரோமாபுரிச் சேனை வெட்டியது. அங்கே எங்கள் முன்னோர் என்ன சொல்லிக் கும்பிட்டார்கள் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள், எல்லாம் பிற்பாடு கட்டினது. அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. போய் இருக்கிறேன், அவ்வளவுதான்."

கிருபாவதி அதை நாலு தரம் படித்தாள். சண்டைக்கு வந்தவளுக்கு எதிராளி மணை போட்டு உட்கார வைத்தால் என்ன செய்வது? ஒன்றும் கேட்பதில்லை என்ற வரியிலேயே கண் போய்ப் போய் நின்றது. ஐம்பத்தோரு வயசில், கேட்காமல் ஒரு சாமி காரியம் உண்டென்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் மேலும் எழுதினாள் என்று அவளே சொல்லிக்கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். மிஸ் ஓவன் தன் நோட்டுப் புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாய் அனுப்பினாள். கிருபாவதி ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டாள். வருஷத்தில் எட்டுத் திருநாள், அதில் ஒன்று பனி உருகத் தொடங்கும் நாள் என்றிருந்தது. "பனியாவது உருகறதாவது. எங்க ஊர்ல ரோட்டுல தாருதான் உருகுது" என்று எழுதினாள். அப்படியானால் உங்கள் ஊரில் என்ன நடக்கிறதோ அதைப் பாருங்கள் என்று பதில் வந்தது. அதற்கும் கோபம் வந்தது, ஏனென்றால் தன் ஊரில் எந்த மரம் எப்போது இலை கொட்டுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரயில் நேரம் தெரியும்.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று மிஸ் ஓவன் எழுதியபோது கிருபாவதி மூன்று வாரம் யோசித்தாள். அவள் ஒன்றும் இயேசுவை விட்டுவிடப் போகிறவளில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாடகர் குழுவில் ஆல்டோ குரல் பாடுகிறவள். விக்கிரக ஆராதனை என்று ஒரு சொல் யாரும் சொல்லிவிடக் கூடாது. வேம்பென்றால் மாரியம்மன் வந்துவிடுவாள். அரசென்றால் பிள்ளையார். வில்வம் சிவனுக்கு. ஆலமரத்தடியில் முனீஸ்வரன். புளியமரத்தில் பேய். இந்த ஊரில் காலியாக ஒரு மரம் கிடைப்பது வாடகைக்கு வீடு கிடைப்பதை விடக் கஷ்டம்.

கடைசியில் அது அவள் சபைக் கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. மதிலோடு மதிலாக வளர்ந்து, பாதி உடம்பு உள்ளேயும் பாதி உடம்பு சந்துப் பக்கமுமாக நிற்கும் புங்கமரம். யார் வைத்தது என்று தெரியாது. புங்கமரத்துக்கு எந்தச் சாமியும் சொந்தம் கொண்டாடியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. சபையாருக்கு அது பைக் நிறுத்தும் நிழல். அவளுக்கு மனசுக்குள் ஒரு வீம்பான சந்தோஷம்.

காலை ஆறு மணிக்கு, டியூட்டிக்குப் போவதற்கு முன், பத்து நிமிஷம் போய் நிற்பாள். மரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பாள். கும்பிட மாட்டாள், கண்ணை மூட மாட்டாள், வாயைத் திறக்க மாட்டாள். மார்ச்சில் இலை முழுக்க மஞ்சளாகிக் கொட்டுவதையும், பத்தே நாளில் எண்ணெய் தடவினாற்போலப் புது இலை வந்து நிற்பதையும், பிறகு பூ உதிர்ந்து பொரி கொட்டினாற்போல் தரை மறைவதையும் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. இத்தனை சந்தோஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். கவுண்டரில் கூட ஒரு சுற்றுக் குரல் குறைந்தது என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் பாப்பாத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாத்தி காம்பவுண்டு பெருக்குகிறவள். சாந்திபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து ரயில்வே லைனுக்கு அந்தப் புறம் குடியேறியவர்கள். அவள் புருஷன் ரங்கையா மரம் அறுக்கிறவன். படித்த அம்மா, ரயில்வேயில் உத்தியோகம், அதுவும் கிறிஸ்தவங்க, தினம் விடியலில் வந்து ஒரு மரத்தின் முன்னால் நிற்கிறார்கள் என்றால் சும்மாவா நிற்பார்கள்? பாப்பாத்தியும் ஒருநாள் பெருக்குமாற்றை ஓரமாய் வைத்துவிட்டு, தன் மகள் கலைவாணிக்கு செல்போன் கம்பெனியில் வேலை கிடைக்க வேண்டும் என்று அந்த மரத்திடம் கேட்டாள். கேட்ட பதினோராம் நாள் வேலை கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை கிருபாவதி போனபோது மரத்துக்கு மஞ்சள் பூசி, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறும் கட்டியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே மரம் பார்க்கப் போன இடத்தில் சாமியாக முடிந்தது.

"இன்னா பாப்பாத்தி பண்ணி வச்சிகீற?"

"அக்கா, உங்களாலதான் எனக்கு இந்த அம்மா கீறதே தெரிஞ்சிது. கலைவாணிக்கு வேல கெடச்சிட்ச்சி."

"அம்மாவும் இல்ல, ஆத்தாவும் இல்ல. இது மரம். மரத்தாண்ட போயி வேல கேப்பியா?"

"அப்ப நீங்க தெனம் வந்து இன்னா கேக்கறீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கறதில்ல."

பாப்பாத்தி நம்பவில்லை. வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது யாருக்குத்தான் தெரியாது. பெரிய மனுஷி மறைக்கிறாள் என்று மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனாள். கிருபாவதிக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. ஆனாலும் பொட்டைத் துடைத்தால் பாப்பாத்தி மனசு என்ன பாடுபடும் என்று நினைத்து, ஒரு மழை பெய்தால் தானே போய்விடும் என்று விட்டாள். மே மாதம் ரேணிகுண்டாவில் மழையை எதிர்பார்த்தது அவள் தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கப் பார்த்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தினம் காலையில் கிருபாவதி அங்கே நிற்கிறாள் என்பதும், வெளிநாட்டிலிருந்து ஏதோ பாடம் வருகிறதாம் என்பதும் சேர்ந்து, அந்த வாரத்துக்குள்ளேயே அவள் காம்பவுண்டுக்குள் அம்மன் கோயில் கட்டப் போகிறாள் என்றாகிவிட்டது. கமிட்டி கூப்பிட்டு அனுப்பியது. கமிட்டியென்றால் முக்கியமாகச் செயலாளர் பிலிப்தான். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தை விட்டு இப்படி அப்படி நகராத மனுஷன். பக்கத்தில் ஸ்டீவன் பாஸ்டர், வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர், யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா கிருபா, ஞானமுத்து கொள்ளுப்பேத்தி பண்ற காரியமா இது? அவரு வெட்டின மரத்த நீ தண்ணி ஊத்தி வளக்கறியா?" என்றார் பிலிப்.

"பொட்டு நான் வைக்கலண்ணா. நான் போயி சும்மா நிக்கறேன். ஆண்டவர் படைச்சதுதானே மரம்? பாக்கக் கூடாதா?"

"அது இன்னாவோ ட்ரூயிட்டுன்றாங்களே. புறஜாதி வழக்கம்."

கிருபாவதிக்குக் குரல் உயர்ந்தது. "டிசம்பர் வந்தா ஏர்பேட்டுலேர்ந்து சவுக்கு மரத்த வெட்டியாந்து, பீடத்துக்குப் பக்கத்துலயே நட்டு, பஞ்சு ஒட்டி, நட்சத்திரம் கட்டி, அதும் முன்னால நின்னு போட்டோ புடிச்சிக்கறோமே, அது பைபிள்ல எந்த அதிகாரத்துல வருதுண்ணா?"

"அது நம்ம வழக்கம்."

"செத்த மரத்துக்கு ஜோடிச்சா நம்ம வழக்கம், உயிரோட கீற மரத்தாண்ட நின்னா புறஜாதி வழக்கமா?"

பதில் இல்லாதவர்களுக்குத்தான் தீர்மானம் இருக்கிறதே. மரம் சபைக்கு இடறலாக இருப்பதால் அதை எடுத்துவிடுவது, அந்த இடத்தில் கார் நிறுத்த ஒரு ஷெட் போடுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஷெட்டுக்கான தகர விலைப்பட்டியல் பிலிப்பின் பையில் ஏற்கெனவே இருந்தது. அவள் கண்ணாலேயே பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள். பொட்டு வைத்ததற்காக வெட்டுகிறார்களா, கார் நிறுத்த வெட்டுகிறார்களா, எதையாவது ஒன்றை நேர்மையாகச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?

சனிக்கிழமை ரங்கையாவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்தான், மெஷின் ரம்பத்தை இறக்கினான், மரத்தைப் பார்த்தான். பொட்டைப் பார்த்தான். ரம்பத்தைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினான். "அம்மா குந்திகீற மரத்துல என்னால கை வைக்க முடியாதுங்க. நான் புள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

இது கிருபாவதிக்கு மறுநாள் ஆராதனை முடிந்த பிறகுதான் தெரிந்தது. மரம் தப்பித்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள். ஆனால் அதைச் சொன்னவர் பிலிப். படியில் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க, "உங்க அம்மனுக்கு நல்ல சக்தி கிருபா. ரங்கையா பயந்து ஓடிட்டான்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள்.

உங்க அம்மன். அந்த இரண்டு சொல்லில் அவள் தலைக்கு ரத்தம் ஏறியது. ஒரு வருஷமாக ஒரு சொல் கூடச் சொல்லாமல், ஒரு பெயர் கூட வைக்காமல், பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை ஆளாளுக்கு வந்து அம்மன் என்கிறார்களே. நேராக ஸ்டீவன் பாஸ்டரிடம் போனாள்.

"பாஸ்டர், இடறல் பொட்டுதானே? பொட்டு போச்சின்னா மரம் இருக்கலாம்தானே?"

"பார்க்கலாம் சிஸ்டர்" என்றார் பாஸ்டர். தலையாட்டவும் செய்தார்.

அது போதும் என்று நினைத்தாள். குழாயடியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சபை முழுக்க வேடிக்கை பார்க்க, தேங்காய் நாரைப் போட்டு மஞ்சளையும் குங்குமத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லா பாத்துக்கோங்க. இது அம்மன் இல்ல, இது ஒண்ணும் இல்ல, வெறும் மரம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். பிலிப்பே கைதட்டினார். ஒரு நிமிஷம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஆண்டுவிழாவில் எழுந்து நிற்பது போல. பாப்பாத்தி மட்டும் பெருக்குமாற்றோடு ஓரமாய் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் சந்து திரும்பும்போதே ரம்பச் சத்தம் கேட்டது.

ஓடினாள். சந்துப் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளை தரையில் கிடந்தது, பூவும் இலையுமாக. ரங்கையா அடிமரத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பாப்பாத்தி கிளைகளை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிலிப்பும் பாஸ்டரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரங்கையா, நிறுத்துப்பா. மொந்தாநேத்து மாட்டேன்னுட்டு போனவன் இன்னிக்கு எப்பிடி வந்த?"

ரங்கையாவுக்கு அவள் கேள்வியே புரியவில்லை. "நீங்கதானேம்மா கழுவினீங்க. வெறும் மரம்னு நீங்களே சொன்னீங்களாமே. அம்மா இல்லன்னா அப்பறம் எனக்கு இன்னா பயம்?"

கிருபாவதி பாஸ்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "இடறலும் போச்சி, இடமும் வேணும். தீர்மானம் தீர்மானம்தானே கிருபா" என்றார் பிலிப்.

அவள் என்னென்னவோ சொன்னாள். நூறு வருஷத்து மரம் என்றாள். சந்துக்கே நிழல் என்றாள். மேலே குருவிக்கூடு இருக்கிறது, குஞ்சு இருக்கிறது என்றாள். ரங்கையா பொறுமையாகக் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை.

"எல்லா மரத்துலயும் குருவி கீதும்மா. எல்லா மரமும் நெழல் தருது. அதெல்லாம் பாத்தா நான் எந்த மரத்த வெட்டிப் பொழைக்கறது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அம்மா கீறாங்களா, இல்லியா? கீறாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. நீங்க தெனம் வந்து நின்னவங்க, உங்க வார்த்த எனக்குப் போதும். ரம்பத்த தூக்கிக்கினு போயிடறேன், ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்."

பிலிப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு பாக்கலாம் கிருபா. பாஸ்டர் முன்னாலயே சொல்லு. திருவிருந்துக்கு வர்றவ வாயால அது வருதான்னு நாங்களும் கேக்கறோம்."

கிருபாவதி வாழ்நாளில் பட்ட கோபமெல்லாம் சேர்ந்து ஒரே இடத்துக்கு வந்தாற்போல் இருந்தது. பிலிப் மேல் மட்டும் இல்லை. இவனுக்குச் சாமி வேண்டும், அவருக்கு ஷெட் வேண்டும், பாப்பாத்திக்கு வேலை வேண்டும். ஒரு மரம் மரமாக மட்டும் இருந்து உயிர் பிழைக்க இந்த ஊரில் ஒருத்தரிடமும் வழி கிடையாதா? ரங்கையா ரம்பத்தின் கயிற்றில் கையை வைத்தான்.

"கீறாங்க" என்றாள் கிருபாவதி.

"யாரு, அம்மாவா?"

"அம்மாதான். கீறாங்க. நேத்து நான் கழுவினது தப்பு."

ரங்கையா சட்டென்று செருப்பைக் கழற்றினான். பாப்பாத்தி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "நீங்களே வைங்கக்கா, நீங்கதானே அழிச்சீங்க" என்றாள். அதில் சின்னதாய் ஒரு பழிவாங்கலும் இருந்தது. கிருபாவதி வாழ்க்கையில் முதல்முறையாகக் குங்குமம் வைத்தாள். எவ்வளவு எடுப்பது என்று தெரியாமல் அள்ளி அப்பினாள். பாதி புடவையில் கொட்டியது.

"சிஸ்டர், இதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பாஸ்டர். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"இதுக்கு முன்னாலயும் நீங்க ஒண்ணும் பண்ணல பாஸ்டர்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு வேளையில் அவள் பெயரை வாசித்து, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்திலிருந்தும் பாடகர் குழுவிலிருந்தும் நிறுத்தினார்கள். காம்பவுண்டுக்குள் அந்த மரத்துக்கு நேராகக் கம்பி வேலி போட்டார்கள். வேறு ஆள் கூப்பிட்டும் பார்த்தார்கள். ரங்கையா சொல்லிவைத்திருந்தான், திருப்பதி வரைக்கும் ஒருத்தரும் வரவில்லை. ஷெட் வேறு பக்கம் எழும்பியது.

மரம் தப்பித்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அடிமரத்தின் மறுபாதி சந்துப் பக்கம் இருக்கிறதே. கிறிஸ்தவங்க கோயிலுக்குள்ளிருந்தே வெளிப்பட்ட அம்மா, வெட்ட வந்தவன் கையைக் கட்டிப்போட்ட அம்மா என்று பேச்சு பரவியது. புங்கம்மா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் எலுமிச்சம்பழ மாலை, தொட்டில், மஞ்சள் கயிறு, சின்னதாய் ஓர் உண்டியல். பாப்பாத்திதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். ஏர்பேட்டிலிருந்தெல்லாம் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கிருபாவதி சந்துப் பக்கமாகப் போனாள். வெட்டிய இடத்தில் புதுத் துளிர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. முப்பது பேர் நின்றிருந்தார்கள். நேராக மரத்தை நோக்கி நடந்தாள். முன்னால் நின்ற ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள், கையை நீட்டித் தடுத்தாள்.

"வரிசையில வாம்மா. நாங்கல்லாம் விடியக்காலத்துலேர்ந்து நிக்கறோம்."

இந்த மரம் யாரால் நிற்கிறது தெரியுமா என்று கேட்க நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. போய்க் கடைசியில் நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். அவள் முறை வந்தபோது, குங்குமம் இல்லாத இடமாகத் தேடி, மேலே எட்டி, உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். பட்டை சில்லென்று இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. யார் மேல் கோபப்பட்டு அழுவது என்றுதான் தெரியவில்லை.

"கேட்டாச்சின்னா நகரும்மா, மத்தவங்களும் கேக்கணுமில்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் ஒண்ணும் கேக்க வரல" என்றாள் திரும்பாமல்.

"பின்ன எதுக்கும்மா எடத்த அடைச்சிக்கினு நிக்கற?"

கிருபாவதி கையை எடுக்கவில்லை.